கேட்க ஓர் ஊர் வேண்டும்

2009 ஆகஸ்ட் 6. இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள வெல்ஸ் என்ற சிறு நகரத்தில் கதீட்ரல் மணி 111 முறை ஒலித்தது. இறந்தவரின் வயது 111. ஆண்டுக்கு ஒரு மணி. தெருவோரம் ஆயிரக்கணக்கானோர் நின்றிருந்தார்கள். போனவர் பிரபு அல்ல, பிஷப் அல்ல. ஹாரி பாட்ச் என்ற பிளம்பர். வாழ்நாள் முழுக்கக் குழாய் பதித்து, கழிவுநீர்ப் பாதை போட்டு, ஓய்வு பெற்று, கடைசி ஆண்டுகளை அந்த ஊரின் முதியோர் இல்லம் ஒன்றில் கழித்தவர்.

சவப்பெட்டியைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுமந்தார்கள். கூடவே பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி நாடுகளின் சிப்பாய்கள் நாட்டுக்கு இருவராக நடந்தார்கள். ராணுவ மரியாதையில் வழக்கமாக இருக்கும் ஒன்று மட்டும் அங்கே இல்லை. யார் கையிலும் துப்பாக்கி இல்லை. சம்பிரதாயத்துக்கான ஆயுதம்கூட கிடையாது. தன் சாவில் ஆயுதம் வேண்டாம் என்பது கிழவர் விட்டுச்சென்ற விருப்பம். அதனால் வேட்டு முழங்கவில்லை. மணி முழங்கியது.

முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் சண்டையிட்டவர்களில் உலகத்தில் கடைசியாக மிஞ்சியிருந்தவர் பாட்ச். அவருக்குச் சிலை வைத்திருக்கலாம், கல்வெட்டு வைத்திருக்கலாம். ஆனால் அவரை நினைப்பதற்கு அந்த நாடு மறுபடி மறுபடி எடுத்துக்கொண்டது ஒலியைத்தான். 80 ஆண்டு காலம் அந்தப் போரைப் பற்றி வாயே திறக்காத ஒருவருக்கு அப்படி ஒரு நினைவுச் சின்னம் அமைந்தது விசித்திரம்தான்.

1898 ஜூன் 17-ல் பாத் நகரத்தை ஒட்டிய கூம் டவுன் கிராமத்தில் பிறந்தவர் அவர். 14 வயதில் பள்ளியை விட்டு பிளம்பிங் வேலைக்குப் போனார். 1916-ல் கட்டாய ராணுவச் சேவைக்கு அழைத்தார்கள். அவராக விரும்பிப் போகவில்லை. அடுத்த ஆண்டு பாஷண்டேல் சேற்றில் லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிக் குழு ஒன்றில் ஐந்து பேரில் ஒருவராக இருந்தார். முடிந்தவரை யாரையும் கொல்வதில்லை, காலில் சுடுவோம் என்று அந்த ஐவரும் தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். 1917 செப்டம்பர் 22 இரவு அவர்கள் மேல் குண்டு வெடித்தது. மூன்று நண்பர்கள் போனார்கள். பாட்ச் குண்டுச் சில்லு பாய்ந்து பிழைத்தார். மயக்க மருந்து இல்லாமலே அதை எடுத்தார்கள்.

ஊர் திரும்பினார், மறுபடி பிளம்பர் ஆனார், கல்யாணம் செய்துகொண்டார், இரண்டாம் உலகப் போரில் பாத் நகரத்தின் மேல் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டபோது தீயணைப்பு வீரராக ஓடினார். பாஷண்டேல் பற்றி மட்டும் மனைவியிடம்கூடப் பேசவில்லை. போர் சினிமா பார்க்கவில்லை. நாடு நவம்பர் 11-ல் தலை குனிந்து நின்றது. அவருக்கான துக்க நாளோ செப்டம்பர் 22. அந்தச் சடங்குகளெல்லாம் வெறும் காட்சி என்று பின்னாளில் சொன்னார். முதியோர் இல்லத்தில் எதிரே இருந்த அறையின் விளக்கு சட்டென்று எரிந்தால், அவருக்குக் குண்டு வெடித்த வெளிச்சம் ஞாபகம் வந்துவிடும்.

1998-ல் அவருக்கு 100 வயது ஆனபோதுதான் பி.பி.சி. ஆவணப்படம் ஒன்றுக்காகச் சிலர் வந்து கேட்டார்கள். அவர் பேசினார். அதன் பிறகு நிறுத்தவில்லை. தன்னைச் சுட்டுவிடும்படி கெஞ்சிய, அடிபட்ட சிப்பாய் ஒருவனைப் பற்றிச் சொன்னார். துப்பாக்கியை எடுப்பதற்குள் அவன் இறந்துவிட்டான். கடைசியாக அவன் வாயிலிருந்து வந்தது அம்மா என்ற சொல். 2004-ல் பாட்ச் பெல்ஜியம் போய், எதிர்ப் பக்கத்தில் சண்டையிட்ட சார்ல்ஸ் குவென்ட்ஸ் என்ற 107 வயதுக் கிழவரைச் சந்தித்தார். அவர் பிஸ்கெட் டப்பா கொண்டுவந்திருந்தார். இவர் தன் ஊர் ஆப்பிள் மதுவைக் கொடுத்தார். 87 ஆண்டுக்கு முன்னால் சந்தித்திருந்தால் ஒருவரையொருவர் சுட்டிருக்க வேண்டியவர்கள்.

அந்தப் பேச்சிலிருந்துதான் மற்ற ஒலிகள் பிறந்தன. 2008-ல் அன்றைய அரசவைக் கவிஞர் ஆண்ட்ரூ மோஷன் அவரைப் பற்றிக் கவிதை எழுதினார். பீட்டர் மேக்ஸ்வெல் டேவிஸ் அதற்கு இசையமைத்து, சேர்ந்திசையாகப் பாட வைத்தார். பாட்ச் 2005-ல் அளித்த ரேடியோ பேட்டி ஒன்றைக் கேட்ட ரேடியோஹெட் குழுவின் தாம் யார்க், அவருடைய சொற்களை வைத்தே பாட்டு எழுதினார். டிரம் இல்லை, கிதார் இல்லை. ஒரு குரலும் நரம்பு வாத்தியங்களும் மட்டும். இறுதிச் சடங்குக்கு முந்தின நாள் அது பி.பி.சி. ரேடியோவில் ஒலிபரப்பானது. வலைத்தளத்தில் ஒரு பவுண்டு விலை வைத்து விற்றார்கள். பணம் முன்னாள் படைவீரர் அமைப்புக்குப் போனது.

இவை எல்லாவற்றையும்விட 111 மணி எளிமையானது. அதற்கு இசையமைப்பாளர் தேவைப்படவில்லை, ஒத்திகை தேவைப்படவில்லை. ஊரிலேயே பல நூறு ஆண்டுகளாகத் தொங்கும் மணி. அடிக்கத் தெரிந்தவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். பத்து, இருபது வரை எண்ணுபவர்கள் பிறகு எண்ணிக்கையை விட்டுவிடுவார்கள். மணி மட்டும் விடாது. ஒரு மனிதர் எவ்வளவு காலம் இருந்தார், அதில் எவ்வளவு காலம் பேசாமல் இருந்தார் என்பது காது வழியே உடம்புக்குள் இறங்க இதைவிட நேரான வழி இல்லை.

கல் நினைவுச் சின்னத்துக்கும் ஒலி நினைவுச் சின்னத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரிகிறது. கல்லை நட்டுவிட்டு ஊர் தூங்கப் போகலாம். ஒலியை யாராவது தினமும் எழுப்ப வேண்டும். பெல்ஜியத்தின் ஈப்ர் நகரம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. அங்கே மெனின் வாயில் என்ற பெரிய வளைவில், உடல் கிடைக்காத 54,000-க்கும் மேற்பட்ட சிப்பாய்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 1928 முதல் தினமும் மாலை 8 மணிக்குப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு எக்காளம் ஊதுகிறார்கள். ஊதுபவர்கள் ராணுவத்தினர் அல்ல. அந்த ஊர்த் தீயணைப்புப் படையைச் சேர்ந்தவர்களே ஊதுவது வழக்கம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது அது நின்றுபோனது. 1944 செப்டம்பர் 6-ம் தேதி ஊர் விடுதலை பெற்ற அன்று மாலையே மறுபடி ஊதினார்கள். யாரும் உத்தரவு போட்டு நடப்பதல்ல இது. ஊர் தனக்குத் தானே விதித்துக்கொண்ட கடமை.

அந்த வளைவில் இந்தியப் பெயர்களும் இருக்கின்றன. அந்த எக்காளம் அவர்களுக்கும் சேர்த்துத்தான் ஒலிக்கிறது. அவர்களுடைய சொந்த ஊர்களில் என்ன ஒலிக்கிறது என்று கேட்டால்தான் சங்கடம்.

முதல் உலகப் போருக்கு இந்தியாவிலிருந்து போனவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். இறந்தவர்கள் 74,000-க்கும் மேல். டில்லியின் இந்தியா கேட் வளைவில் 13,000-க்கும் அதிகமான பெயர்கள் உண்டு. சுற்றுலா வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பெயரைப் படிப்பவர்கள் குறைவு. கிராமங்களின் நிலைமை இன்னும் மோசம். பஞ்சாபிலும் தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் பழைய பள்ளிக்கூடச் சுவரிலோ சாவடியிலோ பிரிட்டிஷ் அரசு பதித்த ஒரு சலவைக்கல்லைக் காணலாம். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் மகா யுத்தத்துக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிரை விட்டார்கள் என்று சொல்லும். பெயர் இருக்காது, எண்ணிக்கைதான். போனவன் யார் மகன், எந்தத் தெரு என்று ஊருக்குத் தெரிந்திருந்த காலம் வரை அந்தக் கல்லில் ஏதோ அர்த்தம் இருந்தது. அந்தத் தலைமுறை போனதும் கல் கணக்குப் புத்தகம் ஆகிவிட்டது.

கடிதங்கள் இல்லையா? இருந்தன. பெரும்பாலான சிப்பாய்களுக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்தவரிடம் சொல்லி எழுத வைத்தார்கள். அதைப் பிரிட்டிஷ் தணிக்கை அலுவலகம் பிரித்துப் படித்தது. முக்கியமாகப் பட்ட பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து அறிக்கையில் சேர்த்தது. இன்றைக்கு ஆய்வாளர்கள் புரட்டுவது பெரும்பாலும் அந்த ஆங்கிலப் பகுதிகளைத்தான். அதாவது, பஞ்சாபிக் குடியானவன் பஞ்சாபியில் சொன்னதை இன்னொருவன் எழுதி, மூன்றாமவன் ஆங்கிலத்தில் மாற்றியது. மொழிபெயர்ப்பில் என்னென்ன தொலையும் என்பது அந்தத் தொழில் செய்பவர்களுக்குத் தெரியும். முதலில் தொலைவது குரல்.

தமிழர்களுக்கு இந்த விஷயத்தில் பழைய பாடம் ஒன்று இருக்கிறது. போரில் விழுந்தவனுக்கு நடுகல் எடுப்பதைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாகச் சொல்கிறது. கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு, கடைசியில் வாழ்த்துவதில் முடிகிறது. முதல் ஐந்தும் கையால் செய்வது. ஆறாவது வாயால் செய்வது. கல்லை நட்டதோடு வேலை முடிந்தது என்று அந்தக் காலத்தவர்கள் நினைக்கவில்லை. யாராவது குரல் கொடுத்தால்தான் அது நினைவுச் சின்னம். கிராமத்தில் சாவுச் செய்தியைச் சங்கும் பறையும் சொல்வதும், ஒப்பாரியில் போனவர் என்ன சாப்பிட்டார், எப்படி நடந்தார் என்பதெல்லாம் வருவதும் இதே வழியில்தான். பஞ்சாபிலும் பெண்கள் அலாஹ்ணி என்ற ஒப்பாரி பாடுவது வழக்கம். ஆனால் உடலும் வராமல், சேதியும் சரியாக வராமல் போன சிப்பாய்க்கு யார் ஒப்பாரி வைத்தார்கள்?

இந்த இடத்தில்தான் பெர்லின் குறுக்கிடுகிறது.

பெர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டோர்ஃப் என்ற இடத்தில் ஜெர்மனி ஒரு போர்க் கைதிகள் முகாம் வைத்திருந்தது. பிறை நிலா முகாம் என்று பெயர். பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகளிலிருந்து பிடிபட்ட முஸ்லிம்களையும் இந்தியர்களையும் அங்கே வைத்தார்கள். 1915-ல் அவர்களுக்காக மரத்தில் மசூதி ஒன்றும் எழுந்தது. அன்பினால் அல்ல. எஜமானர்களுக்கு எதிராக இவர்களைத் திருப்ப வேண்டும் என்பது ஜெர்மனியின் கணக்கு. செண்பகராமன் பிள்ளை இருந்த பெர்லின் இந்தியக் கமிட்டிக்கும் இந்தக் கைதிகள் மேல் கண் இருந்தது. இவர்களைத் தேடி இன்னொரு கூட்டமும் வந்தது. அவர்கள் மொழி அறிஞர்கள்.

1915-ல் அமைக்கப்பட்ட பிரஷ்ய ஒலிப்பதிவுக் குழுவின் தலைவர் கார்ல் ஸ்டும்ஃப் என்ற உளவியல் பேராசிரியர். பதிவு வேலையை நடத்தியவர் வில்ஹெம் டோகென். உலகத்து இனங்களின் குரல்களுக்கு ஒரு மியூசியம் அமைப்பது டோகெனின் ஆசை. கப்பல் ஏறித் தேடிப் போக வேண்டியதில்லை. உலகமே கைதியாக வந்து உட்கார்ந்திருந்தது. 1918 வரை முகாம் முகாமாகப் போய் 1,650 இசைத்தட்டுகளும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மெழுகு உருளைகளும் பதிவு செய்தார்கள். பஞ்சாபி, இந்தி, வங்காளி, நேபாளி எல்லாம் அதில் உண்டு.

வேலை ஒழுங்காக நடந்தது. கைதியின் பெயர், ஊர், தாய் தந்தை, படிப்பு, தெரிந்த மொழிகள் எல்லாவற்றையும் ஒரு படிவத்தில் நிரப்பினார்கள். என்ன பேச வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிப் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு பெரிய புனல் ஒன்றின் வாய்க்கு முன்னால் நிறுத்தினார்கள். மின்சார மைக் வராத காலம். குரலின் அதிர்வே ஊசியை ஆட்டி மெழுகில் கோடு கீற வேண்டும். அசையாமல் நின்று, ஒரே அளவில், உரக்கப் பேச வேண்டும். ஆங்கிலம் பேசும் கைதிகளிடம் பைபிளின் ஊதாரி மகன் கதையைச் சொல்லச் சொன்னார்கள். வீட்டை விட்டுப் போன மகன் திரும்பி வரும் கதையைக் கைதிகளைக் கொண்டு சொல்ல வைத்ததில் இருந்த கொடுமை அந்த அறிஞர்களுக்கு உறைத்ததா என்பது வேறு விஷயம்.

1916 டிசம்பர் 11-ம் தேதி அந்தப் புனலுக்கு முன்னால் மல் சிங் என்ற பஞ்சாபிச் சிப்பாய் நின்றார். ஃபெரோஸ்பூர் மாவட்டத்துக்காரர். அவர் தன்னைப் பற்றித்தான் பேசினார். ஆனால் நான் என்று சொல்லவில்லை. ஒரு மனிதன் இருந்தான் என்று கதை போல ஆரம்பித்தார். அவன் இந்தியாவில் வெண்ணெய் தின்றவன், பால் குடித்தவன். ஆங்கிலேயரிடம் வேலைக்குச் சேர்ந்து, ஐரோப்பியப் போருக்கு வந்து, ஜெர்மன்காரர்களிடம் பிடிபட்டான். அவனுக்கு ஊருக்குப் போக ஆசை. போனால் அந்தச் சாப்பாடு கிடைக்கும். மூன்று வருஷம் ஓடிவிட்டது. சமாதானம் எப்போது என்று தெரியவில்லை. இன்னும் இரண்டு வருஷம் இங்கேயே இருந்தால் அந்த மனிதன் செத்துவிடுவான். கடவுள் அருளால் சமாதானம் வந்தால் போகலாம். விஷயம் அவ்வளவுதான். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அரசியல் இல்லை, வீரம் இல்லை. பேரரசரும் இல்லை, கைசரும் இல்லை. வெண்ணெய்தான் இருக்கிறது. எந்தத் தணிக்கை அறிக்கையிலும் கிடைக்காத ஒன்று அதில் இருக்கிறது: ஊர்ப் பேச்சின் ஏற்ற இறக்கம், மூச்சு வாங்கும் இடம். ஒலித்தட்டுக்குப் பதிவு எண் கொடுத்து அலமாரியில் வைத்தார்கள். பஞ்சாபி மொழிக்கு ஒரு மாதிரி கிடைத்தது. அவர் என்ன சொன்னார் என்பதைக் கேட்க அங்கே யாரும் இல்லை. எப்படி உச்சரித்தார் என்பதைத்தான் கேட்டார்கள்.

90 ஆண்டுகளுக்குப் பிறகு ஃபிலிப் ஷெஃப்னர் என்ற ஜெர்மன் இயக்குநர் இந்தத் தட்டுகளை எடுத்தார். 2007-ல் அவர் எடுத்த 'ஹாஃப்மூன் ஃபைல்ஸ்' படத்தில், மல் சிங் போன்றவர்களின் குரல் வரும்போது திரை இருண்டுவிடுகிறது. காட்டுவதற்கு எதுவும் இல்லாத இடத்தில் காது மட்டும் வேலை செய்கிறது. ஆய்வாளர் பிரிட்டா லாங்கேயோடு சேர்ந்து அவர் இந்தக் குரல்களைக் கொண்டே கண்காட்சியும் நடத்தினார். மொழி மாதிரியாக அடைபட்டுக் கிடந்த குரல் முதல் தடவையாக மனிதக் குரலாகக் கேட்கப்பட்டது. கலை செய்த நல்ல காரியம் அது.

கேள்வி அதோடு தீரவில்லை. பாட்ச் தானாக வாயைத் திறந்தார். கேட்டவர்கள் அவருடைய நாட்டுக்காரர்கள். தன் சாவில் எது ஒலிக்கக் கூடாது என்று சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. மல் சிங் முள்கம்பிக்குள் நின்று, எதிரி நாட்டுப் பேராசிரியர்களின் புனலில் பேசினார். அந்தக் குரலைப் படத்தில் போடலாமா, கண்காட்சியில் வைக்கலாமா என்று அவரிடம் யாரும் கேட்டிருக்க முடியாது. இன்று அது பெர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழக ஒலிக்காப்பகத்தின் சொத்து. ஆய்வாளர்கள் அதைப் பற்றி எழுதுகிறார்கள், கலைஞர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். அந்தக் குரலின் பஞ்சாபியை மொழிபெயர்ப்பு இல்லாமல் புரிந்துகொள்ளக் கூடியவர்கள் இருப்பது ஃபெரோஸ்பூரில். முதல் உரிமை அவர்களுக்குத்தான் இருக்க வேண்டும்.

வெல்ஸ் நகரத்திடம் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான். அங்கே ஒலி ஊரிலிருந்து எழுந்து ஊருக்குள்ளேயே கேட்டது. கதீட்ரல் பணக்காரக் கதீட்ரல் என்பதால் நடந்ததல்ல அது. அந்தக் கிழவர் எங்கே குடியிருந்தார், எங்கே குழாய் போட்டார் என்பது அந்த வட்டாரத்துக்குத் தெரிந்திருந்தது. பிரிஸ்டல் நகரத்தின் வில்ஸ் கோபுரத்தில் பிளம்பிங் வேலை செய்தவர் அவர். பாத் நகரத்தில் தீ அணைத்தவர். தங்கள் ஆள் என்ற எண்ணம் இருந்தது. அந்த எண்ணம் இருந்தால் பெரிய பொருள் எதுவும் வேண்டாம், ஒரு மணி போதும். அது இல்லாவிட்டால் லட்சக் கணக்கில் செலவழித்துச் செய்த ஒலிக் கலையும் அரங்கத்துக்கு வந்தவர்களோடு முடிந்துவிடும்.

சுதந்திர இந்தியாவுக்கு இந்தச் சிப்பாய்களை எங்கே வைப்பது என்று நீண்ட காலம் தெரியவில்லை. வெள்ளைக்காரனுக்காகப் போனவர்கள் என்று ஒதுக்கியாயிற்று. மல் சிங்கின் குரலைக் கேட்டால் அந்த வாதம் நிற்காது. யாருக்காகவும் போன மாதிரி அதில் தெரியவில்லை. வேலை கிடைத்தது, போனார். வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்கினார். வளைகுடாவுக்குப் போய்ப் பாஸ்போர்ட்டை முதலாளியிடம் பறிகொடுத்துவிட்டுத் தொலைபேசியில் அழும் பிள்ளையின் குரலுக்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை. தமிழர்கள் அந்தக் குரலை நன்றாக அறிவார்கள்.

வூன்ஸ்டோர்ஃப் அருகே இந்தியச் சிப்பாய்களுக்கென்று ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஊர் திரும்பாத 200-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே கிடக்கிறார்கள். அவர்களுக்குக் கல் இருக்கிறது. அவர்களில் சிலரது குரலும் அந்த அலமாரியில் இருக்கக் கூடும். தட்டுகள் எண்முறைக்கு மாறிவிட்ட இந்தக் காலத்தில் பெர்லினிலிருந்து ஒரு குரல் பஞ்சாப் வந்து சேர ஒரு நொடி ஆகாது.

பஞ்சாபில் குருத்வாரா இல்லாத கிராமம் அரிது. குருத்வாராவில் ஒலிபெருக்கியும் இருக்கும். காலையில் கீர்த்தனை, பிறகு யார் வீட்டில் கல்யாணம், யார் மாடு காணவில்லை என்ற அறிவிப்பு. ஓர் ஆண்டு டிசம்பர் 11-ம் தேதி மாலை, அந்த அறிவிப்புகளுக்கு நடுவே, வெண்ணெய் தின்ற மனிதனின் கதையையும் போடலாம். சிலைக்கு ஆகும் செலவில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. களத்து வேலை முடிந்து வருகிறவர்கள் நின்று கேட்பார்கள். யாராவது ஒருவர், இது நம் ஊர்ப் பேச்சு போல இருக்கிறதே, யார் வீட்டுப் பையன் என்று விசாரிப்பார்.